ரெண்டு குட்டை, ஒரு நெட்டை

எங்கள் எஸ்டேட் ரோட்டில் ஒரு ஜீவன்கூட நேரத்துக்கு வேலைக்குப் போனதில்லை. ஹாரன் அண்ணன் போக விட்டால்தானே!

குன்னூருக்குப் போகும் காலை மினிபஸ்ஸின் டிரைவர் அவர். வீட்டுக்கு ஒரு ஹாரன் சத்தம் வைத்திருந்தார். நர்ஸம்மாவுக்கு ஒரே நெட்டை. தபால்காரருக்கு மூன்று குட்டை. எனக்கு ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. ஆள் வந்து ஏறும்வரை வண்டி நகராது. ஏறியதும் அர்ச்சனை ஆரம்பமாகும். ஒருநாள் நர்ஸம்மா இருமினார் என்று வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, சுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். பின்னால் லாரிக்காரர் கத்தினார்.

"பொறுங்க, அம்மணி குடிச்சு முடிக்கட்டும்" என்று அண்ணன் லாரிக்காரர்மேலும் எரிந்து விழுந்தார்.

போன வருடம் என் வீட்டுக்காரர் இறந்தார். காரியம் முடிந்து சொந்தக்காரர்களெல்லாம் மலையிறங்கிப் போனார்கள். ஓயாத மழை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

பனிமூட்டத்துக்குள் ஹாரன் கேட்டது. நான் எழவில்லை. மறுபடியும், மறுபடியும், அரை மணி நேரம்! பஸ்ஸுக்குள் நாற்பது பேர் கொந்தளித்தார்கள்.

"ஏனுங்க டீச்சர், வர்றீங்களா, வண்டிய ஊட்டுக்குள்ள உடட்டுங்களா?"

"வரலீங்கண்ணா. வேலைய உட்டுட்டேன். போங்க!"

"உடுங்க, வேண்டாங்கல. வண்டில ஏறி எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டு உடுங்க. உங்க சீட்டு காலியாக் கெடந்தா எனக்கு கியரே விழ மாட்டீங்குது."

தலைகூட வாராமல், அழுதுகொண்டே, அவரைத் திட்டத்தான் ஏறினேன். ஏறியதும் வண்டியைக் கிளப்பிவிட்டார், பாவி மனுஷர்! நர்ஸம்மா சீப்பை நீட்டினார். தபால்காரர் தன் இட்லிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். குன்னூர் வருவதற்குள் எனக்குப் பசித்தது. எத்தனையோ நாள் கழித்து வந்த பசி. அன்று பள்ளிக்கூடம் போனேன். மறுநாளிலிருந்து ஹாரன் கேட்டதும், "வந்துட்டேனுங்கண்ணா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். துக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பஸ் இருந்தது.

இந்த ஆடியில் நெஞ்சுவலி வந்து அவரும் போய்விட்டார். தனிக்கட்டை என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் ஹாரன் அடித்தவருக்கு அடிக்க ஒருவரும் இருந்திருக்கவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மழையில் பஸ்ஸோடு போய் அவர் வாசலில் நின்றோம். கண்டக்டர் டிரைவர் சீட்டில் ஏறி, ஒவ்வொரு வீட்டு ஹாரனாக அடித்தார். நர்ஸம்மா உடைந்து அழுதார். கொஞ்சம் இடைவெளி. பிறகு ரெண்டு குட்டை, ஒரு நெட்டை.

திண்ணையில் கிடத்தியிருந்த அவர் தலைமாட்டில்தான் நின்றிருந்தேன். இருந்தும் சொன்னேன்: "வந்துட்டேனுங்கண்ணா."