மச்சான், லண்டனில் ஓம் என்று சொல்லாதேயும்

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.

அன்புள்ள மைத்துனர் பாலேந்திரா அவர்களுக்கு,

ரொறன்ரோக் குளிரில் நீரும் வீட்டாரும் சுகமாக இருக்க மனோர் பார்க் முருகனை வேண்டிக்கொண்டு எழுதுவது, இல்லை, எழுதுவிப்பது. நான் பள்ளிக்கூடப் பக்கம் போகாதவன் என்பது உமக்குத் தெரியும். சொல்லச் சொல்ல எழுதுகிறவள் மகள் சிவகௌரி. ஒரு சொல்லும் மாற்றமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஐரோப்பா சுற்றும் வழியில் சிநேகிதர்களோடு சனி ஞாயிறு லண்டன் பார்க்க வருவதாகச் சொன்னீர். வாரும். ஆனால் வருவதற்கு முன் இதைக் கேளும்.

கிரிக்கெட்டில் இலங்கை உலகக் கிண்ணம் எடுத்த வருஷம். யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து நடந்ததற்கு அடுத்த வருஷம். இங்கே மாட்டுக்கு விசர் பிடித்து, வெள்ளைக்காரன் இறைச்சிக்கடையை எட்டிப் பார்க்கவும் பயந்தது அப்போதுதான். உமது அக்கா கண்ணை மூடிய பிறகு, சிவகௌரியும் வேலைக்குப் போனால், இந்த வீட்டில் என்னோடு பேச இருந்தது தொலைக்காட்சி ஒன்று. அதுவும் தமிழில் வாய் திறவாது. அதனால் கோயில் மண்டபத்தில் வயது போனவர்களுக்கு நடக்கிற இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். அங்கேதான் மன்னார் பஸ்தியாம்பிள்ளை எனக்குச் சிநேகிதம். ஊரில் தமிழ் ரீச்சராக இருந்த வேதவல்லி அக்கா எங்கள் சட்டாம்பிள்ளை. "ஓம் எண்டு சொல்லாதேங்கோ, யெஸ் எண்டு சொல்லுங்கோ" என்று எங்கள் இருவரையும் குட்டாத குறை. இங்கிலீஷ் படிப்பிக்கிற மிஸ் ஒரு சனிக்கிழமை வகுப்பைச் சிற்றிக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். சிவகௌரி ஒரே பிடி. "அப்பா, துலைஞ்சு போனியள் எண்டால் அதோடை வகுப்பு முடிஞ்சுது. பிறகு வீட்டிலை இருந்து ரீவி பாருங்கோ." (இதை எழுத யோசிக்கிறாள். எழுது பிள்ளை, நீ சொன்னதுதானே.)

ரயிலில் போய் ட்ரஃபால்கர் சதுக்கத்தில் இறங்கினோம். தூணில் ஏறி நிற்கிற மனிசனைப் பார்க்கப் பஸ்தியாம்பிள்ளைக்கு நேரமில்லை, அவர் கண் முழுக்கப் புறாவில். "இவ்வளவும் சும்மா நடந்து திரியுது, ஒருதரும் ஒரு சட்டி எடுத்துக்கொண்டு வரேல்லையே காணும்!" என்று அங்கலாய்த்தார். மிஸ் எல்லோரையும் கூப்பிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டுச் சிங்கத்தடியில் வந்து நில்லுங்கள் என்றார். மச்சான், சிங்கத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த சனத்தைச் சிங்கத்தடியில் நில் என்றால் எப்படியிருக்கும்! சரி, படித்த பிள்ளை சொல்கிறது என்று போய் நின்றேன். நின்றேன், நின்றேன், ஒருவரையும் காணவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்தத் தூணைச் சுற்றி நாலு மூலைக்கும் நாலு சிங்கம், ஒரே தாய் பெற்றது போல. நான் ஒன்றின் அடியில், பஸ்தியாம்பிள்ளை இன்னொன்றின் அடியில், மிஸ் எதன் அடியிலோ.

வகுப்புப் போச்சு என்று நிற்கிறேன், ஒரு பொலிஸ்காரன் வந்து குனிந்து ஏதோ கேட்டான். பயத்தில் யெஸ் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. "ஓம்" என்றேன். அவன் முகம் மலர்ந்து, "ஓம்?" என்று திருப்பிக் கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எங்கடை பாஷை பேசுகிற வெள்ளைக்காரப் பொலிஸ்! "ஓம், ஓம்!" என்றேன். லண்டன்காரன் ஹோம் என்பதில் முதல் எழுத்தை விழுங்கிவிடுவான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ரோட்டோரம் நின்ற ஒரு வானில் ஏற்றினான். உள்ளே முழுக்க நரைத்த தலைகள். நடுவில் பஸ்தியாம்பிள்ளை பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்.

"வாரும் காணும். மிஸ் வான் பிடிச்சிருக்கிறா. என்னட்டையும் ஓமோ எண்டு கேட்டவங்கள், ஓம் எண்டனான்."

அது முதியோர் ஹோம் ஒன்றின் வான், ஊர் பார்க்க வந்தது. அந்த நேரம் வேதவல்லி அக்கா எங்களைக் கண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "இறங்குங்கோ இரண்டு பேரும்! அறிவில்லையே!" சாரதி அவரைப் பார்த்து ஆதரவாக, "ஓம், லவ்?" என்றான். மூச்சு வாங்கிய அக்கா எங்களைக் காட்டி, "ஓம் ஓம், எங்கடை ஆக்கள்தான்!" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சாரதி அவரைப் பக்குவமாகத் தூக்கி இருத்தி, பெல்ற் போட்டு, கதவைச் சாத்திவிட்டான்.

ஹோமில் ராச உபசாரம். சூப், கோழி, பாட்டு. சனிக்கிழமை விரதம் என்று முறைத்துக்கொண்டிருந்த அக்காவுக்குப் புடிங் புடிங்காக வந்தது, முறைப்பும் கரைந்தது. பஸ்தியாம்பிள்ளையை ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஜோர்ஜ் என்று கூப்பிட்டு ஆடக் கேட்டார். மாதா கோயில் பெருநாள் போல ஆடினார் மனிசன். பின்னேரம் மருந்து கொடுக்க வந்த மேட்ரன்தான் இந்த மூன்று முகத்தையும் தெரியாதே என்று விழித்தார்.

அதே வானில் வீட்டு வாசலில் இறக்கினார்கள். சிவகௌரி கதவடியில், முகம் கடுகு வெடிக்கிற சட்டி. "வகுப்பு முடிஞ்சுது அப்பா." நான் தலையைக் குனிந்தேன். அப்போது அக்கா முன்னுக்கு வந்தார். "பிள்ளை, கொப்பர் ஒரு யெஸ் படிச்சிருந்தால் இண்டைக்கு இது நடந்திருக்குமே? வகுப்பை நிப்பாட்டுறதோ, கூட்டுறதோ?" சிவகௌரி யோசித்தாள். "நீங்களுமெல்லோ ஓம் எண்டனீங்கள் ரீச்சர்?" சிவகௌரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கிழமையிலிருந்து கிழமைக்கு இரண்டு வகுப்பு.

ஆனபடியால் மச்சான், இங்கே எவன் எதைக் கேட்டாலும் யெஸ். அந்த ஹோம் பக்கம் நான் பிறகு தலை வைத்தும் படுக்கவில்லை, சிவகௌரிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். முருகன் துணை.

இப்படிக்கு,
உமது அத்தான்,
செல்வரத்தினம்

பி.கு. சிவகௌரி ஷிப்டுக்குப் போய்விட்டாள். இதை எழுதுவது பக்கத்து வீட்டு யேசுரட்ணம், வாய் திறக்கமாட்டார். நீர் சனிக்கிழமையே வாரும். சனிக்கிழமைகளில் நான் பேப்பரில் படம் பார்க்க நூலகத்துக்குப் போவதாக வீட்டில் பேச்சு. உண்மையில் அந்த ஹோமுக்குத்தான். வாசலில் என்ன கேட்டாலும் தைரியமாக ஓம் என்று சொல்லும், கோழி நல்லாயிருக்கும். வேதவல்லி அக்காவும் போன மாசி வரைக்கும் புடிங்குக்கு வந்துகொண்டிருந்தவர். பிறகு போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வகுப்பில் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். ஹோமுக்குப் போறியளோ என்று தன் மகன் கேட்க, இந்த முறை நன்றாக யோசித்து ஓம் என்று சொல்லி, அங்கேயே கட்டில் பிடித்து, ஜோர்ஜ் என்ற பெயரில், எனக்கு மிஞ்சி இருப்பவர் பஸ்தியாம்பிள்ளை.