அஞ்சலி சிவப்பாக்கிய காடு

கள்ளக்குறிச்சியில் இறந்தவர்களின் சட்டை நிறத்தை இறந்தவர்களைவிட நன்றாக அறிந்தவர் ஒருவரே உண்டு. அவர் அஞ்சலி. ஆறடி உயரமும் அடர்ந்த மீசையும் கொண்ட அந்த மனிதருக்கு ஊர் சூட்டிய பெயர் அது. பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் கணினியில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி தயாரிக்கும் கடை வைத்திருந்ததால் வந்த பெயர். பெற்றோர் வைத்த பெயரை நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தால் போதும்; உடையின் நிறம் என்னவென்று கேட்கமாட்டார். திருநாவலூரிலிருந்து வந்த குடும்பமொன்றின் பெரியவருக்குக் காப்பித்தூள் நிறத்தில் சட்டை போட்டுக் கொடுத்தார். மகள் பார்த்த மாத்திரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடைசியா அந்தச் சட்டையத்தாங்க போட்டுக்கினு போனாரு. உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. மொகத்துக்கு அந்தக் கலருதான் ஒத்து வந்துச்சு."

சங்கராபுரத்து நிலக்கிழார் ஒருவர், எதையும் முன்கூட்டியே செய்துவைக்கும் இயல்பினர், தம் படத்தைத் தாமே கொண்டுவந்தார். அஞ்சலி அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இன்னும் கலர் வரலீங்க. ஒரு பத்து வருசம் கழிச்சு வாங்க" என்றார். நிலக்கிழார் தெரு முழுவதற்கும் லட்டு வழங்கினார். செய்தி கேட்டு இன்னொருவரும் தம் படத்தோடு வந்தார். அஞ்சலி பார்த்தார். "குடுத்துட்டுப் போங்க" என்றார். வந்தவர் படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதை நானே கண்டேன்.

கடைக்குள் வெளிச்சம் புகாதபடி கறுப்புத் திரை தொங்கும். சுவரெங்கும் சோதனைக்காக அச்சிட்ட முகங்கள். உள்ளே நுழைந்தால் நாற்பது பேர் ஒருசேர நம்மைத் திரும்பிப் பார்ப்பது போலிருக்கும். அவர்களுள் உயிருள்ளவர் அஞ்சலி மட்டுமே. அதுவும் அவர் இமைத்த பின்பே உறுதியாகும்.

இத்தகைய இடத்துக்கு, கல்லூரியில் புவியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற நான் செல்ல நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தேர்வறைக் கண்காணிப்பில் அமர்ந்த பல்லாண்டுகளில், இல்லாத நாடொன்றை நான் வரைந்திருந்தேன். ஆழிமேடு என்று பெயரிட்டேன். மலைகள், காடு, ஏரி, ஏழு துறைமுகங்கள். பன்னிரண்டு தாள்கள், அனைத்தும் கறுப்பு மையில். வண்ணம் இல்லாமல் அது பட்டா வாங்காத மனைபோல் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

நானே வண்ணம் தீட்டியிருக்கலாம் அல்லவா? முடியாது. பிறவியிலேயே எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மண்நிறம்; நீலமும் மஞ்சளும்தான் பிரிந்து தெரியும். புவியியல் பேராசிரியருக்கு நிறம் தெரியாது என்பது வெளியே வந்தால் என்ன பேசுவார்கள்? ஆகவே என் வகுப்பில் வண்ணப் பென்சிலுக்குத் தடை விதித்தேன். "வண்ணம் ஒப்பனை, கோடே உண்மை" என்றேன். மாணவர்கள் அதைக் கொள்கை என்று மதித்தனர். உண்மை அறிந்தவர் என் மனைவி மட்டுமே. தக்காளி வாங்க அவர் என்னை அனுப்பியதே இல்லை.

அஞ்சலியிடம் ஏமாறக்கூடாதென்று ஒரு பட்டியல் தட்டச்சு செய்து எடுத்துச் சென்றேன். கடல்: நீலம். காடு: பச்சை. மலை: பழுப்பு. அதை வாங்கிப் படித்தவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு முதல் தாளை ஸ்கேனரில் கவிழ்த்தார். திரையில் ஆழிமேடு மெல்ல மேலெழுந்தது.

"ஐயா, இங்க ஒரு வழி போவுது. ஏரி வரைக்கும் போவுது. திரும்பி வரல."

 அந்தப் பாதையைப் பென்சிலால் போட்டு, பிடிக்காமல், முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அழித்திருந்தேன்.

"அழிச்சாலும் பள்ளம் நின்னுடுங்க. ஸ்கேனர் வெளிச்சம் அத விடாது" என்று அவர் விளக்கினார். விளக்கம் அறிவியலுக்குப் பொருந்தியதுதான். ஆயினும் இம்மனிதரிடம் எதையும் மறைக்க இயலாது என்ற அச்சம் அன்றே என்னைப் பற்றிக்கொண்டது.

அடுத்த வாரம் கடை பூட்டியிருந்தது. காடு எப்படி இருக்கும் என்று பார்த்துவர அஞ்சலி இருசக்கர வாகனத்தில் கல்வராயன் மலைக்குப் போயிருந்தார். திரும்பியதும் தாழ்ந்த குரலில், "கரியாலூர் தாண்டி ஒரு எடங்க. உங்க மேப்புல வளையற மாதிரியே வழி வளையுது. ஒரு குருவி சத்தம் இல்ல. நான் பாதியிலயே வந்துட்டேன்" என்றார். மேற்கொண்டு கேட்க எனக்கும் துணிவில்லை.

வந்தது சோதனை நாள். நான் நுழைந்தபோது ஆழிமேடு முழுவதும் நிறம் நிரம்பித் திரையில் ஒளிர்ந்தது. அருகில் என் பழைய மாணவர் ஒருவர், இன்று பள்ளித் தலைமையாசிரியர், காலமான தம் தந்தையின் படத்தோடு காத்திருந்தார். மாணவர் முன்னிலையில் மதிப்பீடு சொல்லாமல் இருக்க என்னால் இயலுமா?

"காட்டின் நிறம் மிகச் சரி. இயற்கையாக அமைந்துள்ளது" என்றேன்.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது? காடு ரத்தமா இருக்குது?"

பின்னரே அறிந்தேன். முதலில் பகுதிகளைப் பிரித்துக்கொள்ள ஏதேனும் ஒரு நிறத்தைக் கொட்டிவைப்பது அந்தத் தொழிலின் வழக்கமாம். அசல் நிறம் அதன் பிறகுதான். ஆனால் அந்த நொடியில் சுவரின் நாற்பது முகங்களும் என் விடைக்காகக் காத்திருந்தன. 

அஞ்சலி திரும்பாமலே பேசினார். "ஐயா என்னைக் குத்திக் காட்றாருங்க சார். தப்பு என்னுது. பச்சைக்குப் பதிலா செவப்பக் கொட்டிட்டேன். வரவர எனக்குக் கண்ணு கம்மி ஆயிடுச்சு."

தலைமையாசிரியர் சிரித்தார். "கிளாஸ்லயும் சார் இப்புடித்தான் திட்டுவாரு." பிறகு தந்தையின் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அவசரமில்ல, அப்புறமா வரேன்" என்றார். வரவில்லை.

நாங்கள் இருவர் மட்டும் எஞ்சினோம்.

"எத்தினி வருசமாங்க ஐயா?"

"பிறந்ததிலிருந்து. உமக்கு எப்படித் தெரியும்?"

"லிஸ்ட்டுல வெறும் பச்சைன்னு எழுதினீங்க. கண்ணால பாத்தவங்க கிளிப்பச்சை, பாசிப்பச்சை, எலப்பச்சைன்னு எதையாவது சொல்லுவாங்க. வூட்ல அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப சரி." அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சில நாளில் ஆழிமேட்டை அச்சிட்டுக் கொடுத்தார். என் பட்டியலை அவர் பின்பற்றவில்லை. காட்டுக்கு அடர்நீலம், மலைக்கு மஞ்சள், கடல் வெறும் வெள்ளை. என் காடு எங்கே முடிகிறது, என் மலை எங்கே தொடங்குகிறது என்பதை வாழ்நாளில் முதன்முறையாக வண்ணத்தில் கண்டேன். நன்றிகூடச் சொல்லாமல் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினேன்.

அதற்குள் ஊரில் பேச்சு பரவியிருந்தது. அஞ்சலிக்குக் கண் போய்விட்டது. காட்டையே சிவப்பாக்குகிறவர் அப்பன் முகத்தை என்ன ஆக்குவாரோ என்றார்கள். திரைக்கு வெளியே காத்திருக்கும் கூட்டம் குறைந்தது. அவர் எவரிடமும் மறுத்துரைக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை, மதிப்புக்குரியவன் அல்லவா?

அந்தத் தலைமையாசிரியர் இந்த இதழைத் தவறாமல் படிப்பவர். ஆகவே அவருக்கும் ஊராருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்: அன்று அந்தக் கடையில் நிறம் தெரியாமல் நின்றவன் நான். அஞ்சலியின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. எழுபது வயது கடந்த ஒருவனுக்கு, அவன் கேட்காமலே, நிறம் காட்டிய கண் அது.