நிப்பாட்டு அண்ணை வீட்டு ஜப்பான் படம்

ஒன்றே முக்கால் மணி நேரப் படத்தை ஐந்து மணி நேரம் ஓட்டக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தெருவில் இருந்தார். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். இரண்டு நிமிடத்துக்கொரு தடவை "நிப்பாட்டு!" என்று தனக்குத் தானே உத்தரவு போட்டு ரிமோட்டை அமுக்குவார். அதனால் நிப்பாட்டு அண்ணை.

ஞாயிறு மத்தியானம் தெருத் தமிழர் நாங்கள் சிலர் கூட, அவர் வீட்டில் ஜப்பான் சூப்பர் ஹீரோ படம் ஓடும். ஏன் ஜப்பான் என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கடை தமிழ்ப்பட ஹீரோ அடிச்சுப்போட்டுக் கறுப்புக் கண்ணாடி போடுவான். உவன் அடிச்சுப்போட்டு, வீடு உடைஞ்ச சனத்திட்டைக் குனிஞ்சு மன்னிப்புக் கேக்கிறான். மரியாதை தெரிஞ்ச பிள்ளை."

ராட்சத மிருகம் ஒரு கட்டடத்தை மிதித்தால் போதும். "நிப்பாட்டு! உள்ளுக்கை இருந்த சனம் எங்கை போறது? கவுன்சில் வீடு குடுக்குமோ?" ஐந்து வீரர்கள் வரிசையாக நின்றால், "நிப்பாட்டு! அஞ்சு பேரிலை ஒரேயொரு பொம்பிளை. அதுக்கும் ரோஸ் உடுப்பு. ஆர் முடிவெடுத்தது?" நாங்கள் பதில் சொல்லும்வரை படம் நகராது.

மதுரைக்காரக் குமார் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டேவிட்டான். "அண்ணே, ஒரு பைட்டையாச்சும் முழுசா பாக்க விடுங்கண்ணே!" அண்ணை அசையவில்லை. வீடும் அவருடையது, டிவியும் அவருடையது, தேநீரும் அவருடையது. நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். "ஒரு படம் கிடைச்சிருக்கு! கதாநாயகிக்கு அம்பத்தைஞ்சு வயசு. ஆஸ்பத்திரி கூட்டித் துடைக்கிறவ. அவவுக்குத்தான் பவர் வருது!"

அவர் மனைவி சரசக்காவுக்கும் ஆஸ்பத்திரியில் அதே வேலைதான். ஞாயிற்றுக்கிழமையும் காலை ஷிப்ட் முடிந்து வந்து, எங்களுக்கு வடை சுட்டு வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஒரு படமும் பார்த்ததில்லை.

"அவள் ஒருக்கா இதைப் பாக்கோணும். அவளை மாதிரி ஒருத்தியை ஆர் படத்திலை காட்டினவை?" என்றார்.

அக்கா மசியவில்லை. "நாள் முழுக்கச் செய்யிற வேலையை டிவியிலையும் பாக்கோணுமோ?"

அண்ணை மூன்று வாரம் கெஞ்சினார். மூன்றாம் ஞாயிறு அக்கா சீருடையோடே வந்து அண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் அந்த அம்மா தரை துடைக்கிற மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு இடுப்பைப் பிடித்ததும், "ஐயோ, உவவுக்கும் இடுப்பு நோவு!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அண்ணை படத்தைப் பார்க்கவேயில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடமாக ஒரு நிப்பாட்டும் இல்லை. எனக்குப் பயமே வந்துவிட்டது.

மிருகம் வந்தது. அந்த அம்மா மொப்போடு பாய்ந்தார். அதே நேரம் அக்காவின் தலை அண்ணையின் தோளில் சாய்ந்தது. அடித்துப்போட்ட நித்திரை.

அண்ணை வாய் திறக்காமல் ரிமோட்டை அமுக்கினார்.

அந்தரத்தில் நின்ற அந்த அம்மாவை நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தோம். வடை ஆறியது. குமார் தும்மலைக்கூட வாயைப் பொத்தி அடக்கினான்.

கடைசியில் அக்கா கண் விழித்தார். "என்னப்பா, முடிஞ்சுதோ?"

"இல்லையப்பா. நீ அடிக்கப்போற கட்டம் இனித்தான்."

அதன்பிறகு அண்ணை எந்தப் படத்தை எங்கே நிறுத்தினாலும் நான் பல்லைக் கடித்ததில்லை.