கிழித்தும் போகாத அமாவாசை

என் தலையில் கத்தி படக் கூடாது என்று நான் சபதம் எடுத்தபோது, காலம் என்று ஒன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்பினேன். இன்றைக்குப் பிறகு நாளை வரும். நாளைக்குப் பிறகு நாளை மறுநாள் வரும். அந்த நம்பிக்கையில்தான் ஜெயக்கொடி கை வைத்தாள். ஜெயக்கொடி என் மனைவி.

முதலில் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரிகிருஷ்ணன் என்ற நான் செஞ்சியில் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். என்னோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் தலை வெளுத்துவிட்டது, அல்லது வெளுக்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது. எனக்கு மட்டும் மை பூசாமலே கருகருவென்று சுருட்டை. இந்த முடி இருக்கும்வரை ஊரில் நான் 'அண்ணே'. இது போனால் 'பெரியவரே'. நடுவில் வேறு ஸ்டாப்பிங் கிடையாது.

போன வருஷம் மஞ்சள்காமாலையில் படுத்தேன். பிழைத்து எழுந்தால் இவர் முடியைத் தருகிறேன் என்று ஜெயக்கொடி மேல்மலையனூர் அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டாள். உடம்பு என்னுடையது, முடியும் என்னுடையது, வேண்டுதல் மட்டும் அவளுடையது. பிழைத்து எழுந்தபிறகுதான் எனக்குச் சொன்னாள்.

முடியாது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் போதாது. அதனால் ஒரு சட்டம் போட்டேன். மொட்டை என்றால் அமாவாசையன்றுதான், வேறு நாளில் அடித்தால் அம்மனுக்கே மரியாதை இல்லை என்றேன். கணக்கு எளிது. மாதத்துக்கு ஒரு நாள் தப்பித்தால் போதும், மற்ற நாளெல்லாம் தலைக்கு ஆபத்தில்லை.

தப்பிக்கக் காலண்டரே கை கொடுத்தது. ஒரு அமாவாசைக்குச் சந்திராஷ்டமம் என்றேன். இன்னொரு அமாவாசைக்கு வடக்கே சூலம், மேல்மலையனூர் நமக்கு வடக்கு என்று தாளைக் காட்டினேன். அவள் அதே தாளில் அடுத்த வரியைக் காட்டினாள். பரிகாரம்: பால். அன்றைக்குப் பால் சொம்பைக் கைதவறித் தட்டிவிட்டுத்தான் தப்பித்தேன். கடைசியில் பெரிய அஸ்திரத்தையே எடுத்தேன்.

"பிரம்மாவுக்கு ஒரு பகல்னா நமக்கு நானூத்தி முப்பத்திரண்டு கோடி வருஷம். அவ்ளோ காலம் கெடக்குது. அதுல என் முடிக்கு இன்னா அவசரம்?"

"அந்தப் பிரம்மாவோட தலைய கிள்ளப்போயிதான் அந்தக் கோயிலே வந்துது. அவருக்குத் தலையே போச்சு. உங்களுக்கு முடிதான?"

கதை எனக்கும் தெரியும். சிவன் பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளினார். கபாலம் சிவன் கையிலேயே ஒட்டிக்கொண்டது. மலையனூரில் அம்மன்தான் அதை விடுவித்தாள். காலத்தைப் படைத்தவனுக்கே தலை தப்பவில்லை. ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

அடுத்த அமாவாசை வியாழக்கிழமை வந்தது. இந்தத் தடவை அமாவாசையையே ஒழித்துவிடுவது என்று திட்டம் போட்டேன்.

எங்கள் வீட்டில் நாள் என்பது சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்தான். அதை விட்டால் கிழமை தெரிய வேறு வழியில்லை. என் செல்போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து ரிப்பேர் கடையில் கிடந்தது. டிவியில் அவள் பார்ப்பது சீரியல். பிரம்மாவின் பகலுக்கு அடுத்தபடியாக நீளமான பகல் அதில்தான் வரும். விடியற்காலையில் விளக்கேற்றிவிட்டு ஜெயக்கொடி காலண்டரைப் பார்ப்பாள். அதில் என்ன நாளோ, அதுதான் அவளுக்கு நாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அவள் ரேஷன் கடைக்குப் போனாள். நான் புதனையும் வியாழனையும் சேர்த்துக் கிழித்தேன். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கை, சுத்தமாக வந்தது. வெள்ளிக்கிழமை, பிரதமை என்று காலண்டர் சிரித்தது. கிழித்த இரண்டு தாளையும் வெந்நீர் அடுப்பில் போட்டு, சாம்பலாகும்வரை நின்று பார்த்தேன். விடிந்ததும் அவள் பார்ப்பாள், 'ஐயோ, அமாவாசை போயிடுச்சே' என்பாள், நானும் சேர்ந்து வருத்தப்படுவேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் கண் விழித்தேன். காலண்டரில் வியாழக்கிழமை. அமாவாசை.

ஜெயக்கொடி தலைக்குக் குளித்துவிட்டு, காலண்டருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"இன்னிக்கு அமாவாசைங்க. கெளம்புங்க."

நான் வெந்நீர் அடுப்புக்கு ஓடினேன். தாள் எரிந்த சாம்பல் அப்படியே இருந்தது, மடிப்புக் கலையாமல். தொட்டேன், பொடிந்தது. அவள் சமையல்கட்டுக்குப் போன சமயம் பார்த்து மறுபடியும் வியாழனைக் கிழித்து அதே அடுப்பில் எரித்தேன். குளித்தால் தலை தெளியும் என்று குளித்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை. அமாவாசை. கீழே ஜெயக்கொடி. முடியிலிருந்து தண்ணீர்.

"இன்னிக்கு அமாவாசைங்க. கெளம்புங்க."

அதே குரல், அதே இடம். எத்தனை நேரமாக அந்த முடி சொட்டிக்கொண்டே இருக்கிறது என்று யோசித்தேன். யோசித்திருக்கக் கூடாது. துண்டோடு தெருவுக்கு வந்துவிட்டேன்.

தெரு இன்னும் மோசம். அமாவாசையன்று எங்கள் பக்கத்தில் வாசலில் கோலம் போடமாட்டார்கள். அன்றைக்கு வரிசையாக எல்லா வாசலிலும் கோலம் இருந்தது. எங்கள் வாசல் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. அமாவாசை என்றால் விடியலிலிருந்தே ஸ்பெஷல் பஸ்களின் ஹாரன் செஞ்சியைத் தூங்கவிடாது. அன்றைக்கு ஒரு சத்தம் இல்லை. ராஜகிரிக் கோட்டை மேல் வெயில் விழுந்திருந்தது. அந்தப் பாறைகளை அறுபது வருஷமாகப் பார்க்கிறேன். அன்றைக்கு அவை என்னைப் பார்த்தன. சத்தியமாகப் பயந்துவிட்டேன்.

எதிர்வீட்டுப் பிலவேந்திரன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்று என்ன கிழமை என்று கேட்டேன். அவன் தலை நிமிரவில்லை.

"நாளப் பத்தி எங்கிட்ட கேக்காதண்ணே. எனக்கு ஞாயித்துக்கெழம மட்டும்தான் தெரியும்."

"ஏன்டா, இன்னிக்கு வியாழன்தான?"

"அண்ணி இன்னா சொன்னாங்களோ அதான்."

உள்ளே வந்து உட்கார்ந்தேன். கோயிலில் சங்கல்பம் செய்யும்போது ஐயர் காலத்தின் விலாசத்தைச் சொல்வாரே, அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிரம்மாவின் இரண்டாம் பாதி ஆயுள், சுவேத வராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், கலியுகம், முதல் பாதம். இதுவரை தடையில்லை. இன்றைய நாள் என்ற இடத்துக்கு வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கல்பம் தெரிகிறது, யுகம் தெரிகிறது, கிழமை தெரியவில்லை.

ஜெயக்கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாளு நவுர மாட்டேன்னுது போலக்குதுங்க" என்றாள். "நீங்க காலண்டர ஏதாச்சும் பண்ணீங்களா?"

சொல்லிவிட்டேன். அமாவாசையைக் கிழித்ததை, எரித்ததை, எல்லாவற்றையும்.

"எத்தினி மணிக்குக் கிழிச்சீங்க?"

"நேத்து பதினோரு மணிக்கு."

அவள் முகம் வெளிறியது. இன்றுவரை அது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

"புதன்கெழம பதினோரு மணி குளிகையாச்சேங்க."

குளிகையில் எது செய்தாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும். நகை வாங்கினால் நகை சேரும். குளிகையில் பிணத்தை எடுக்கமாட்டார்கள், எடுத்தால் அந்த வீட்டில் அடுத்தது விழும் என்ற பயம். நான் குளிகையில் அமாவாசையை எடுத்திருக்கிறேன். இனி எத்தனை தடவை எரித்தாலும் அது வந்துகொண்டே இருக்கும். பென்ஷன் வரும் தேதி வராது. தீபாவளி வராது. ஈரத் தலையோடு ஒருத்தி நின்று 'இன்னிக்கு அமாவாசைங்க' என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், நானூற்று முப்பத்திரண்டு கோடி வருஷம்.

"கெளம்புடி" என்றேன் நானே.

ஸ்பெஷல் பஸ் இல்லை. சாதாரண பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அமாவாசையன்று மேல்மலையனூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. படிக்கட்டில் தொங்கியவர்களுக்கு ஜன்னல் வழியாக டிக்கெட் கொடுத்தவன் நான். இப்போது ஜன்னலில் காற்று மட்டும் வந்தது.

மேல்மலையனூரில் இறங்கினோம். ஜன சமுத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் யாருமே இல்லை. உச்சி சாய்ந்த வெயில், பாதி மூடிய கடைகள், நிழலில் ஒரு நாய். எங்கோ ஒரு உடுக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு நின்றது. ஜனங்களெல்லாம் அடுத்த நாளுக்குப் போய்விட்டார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இந்த நாளில் மாட்டிக்கொண்டோம் என்று தோன்றியது. ஜெயக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு வெளியிடத்தில் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவள் மொட்டை அடிக்கும் இடத்துக்கு நடத்திக்கொண்டு போனாள்.

அங்கே பாவாடை என்ற நாவிதர் தனியாக உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் எங்கய்யா?" என்றேன்.

"வருவாங்க. குனிங்க."

தண்ணீர் ஊற்றினார், கத்தி வைத்தார். சுருட்டை சுருட்டையாக மடியில் விழுந்தது. காலம் நகரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசிச் சுருட்டை விழுந்ததும், பயம் கொஞ்சம் விலகி, வாய் வந்தது.

"அமாவாசையும் அதுவுமா ஏன்யா இப்டி வெறிச்சினு கெடக்குது?"

பாவாடை கத்தியைத் துடைத்தார்.

"அமாவாசை நாளைக்கு சாமி. இன்னிக்குப் புதன்கெழம."

தலை முதலில் குளிர்ந்தது, பிறகு கொதித்தது. திரும்பிப் பார்த்தேன். ஜெயக்கொடி சந்தனத்தைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரமே ஒரு தாள கூடக் கிழிச்சிட்டேன்" என்றாள் சாதாரணமாக. "நீங்க கிழிப்பீங்கன்னு தெரியும். இந்த வருஷம் எண்ணெக் கடையில தெரு பூரா ஒரே காலண்டர்தான குடுத்தாங்க? நீங்க ஒவ்வொரு வாட்டி கிழிக்கறப்பவும் ஒரு வீட்டுக் காலண்டர வாங்கியாந்து மாட்டினேன். தலைய வேற திரும்பத் திரும்ப நனைச்சி எனக்குச் சளி புடிச்சிக்கிச்சி."

"குளிகை?"

"நேத்து செவ்வாக்கெழமங்க. பதினோரு மணிக்குக் குளிகையே இல்ல."

"அமாவாசையன்னிக்கித்தான் மொட்டைன்னு நான் சொன்னனே."

"நீங்கதான் சொன்னீங்க. அம்மனா கேட்டுது? நான் வேண்டிக்கினது முடி மட்டும்தான். நாளைக்கி வந்தா கூட்டத்துல உங்களால நிக்க முடியுமா? காமாலை வந்த ஒடம்பு."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. நிஜம்தான். அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று. தலை நிறையச் சந்தனத்தோடு சாமி கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு வந்தேன்.

பள்ளிக்கூடம் விட்ட நேரம். பஸ் முழுக்கப் பிள்ளைகள். கண்டக்டர், என்னிடம் தொழில் பழகிய எழில். என்னை ஏற இறங்கப் பார்த்தான், அடையாளம் தெரியவில்லை. "பெரியவருக்கு ஒரு சீட்டு விடுங்கப்பா" என்று சத்தம் போட்டான்.

ஒரு பையன் எழுந்தான். ஜெயக்கொடி உட்கார்ந்துகொண்டாள்.