கொஞ்சம் மேலே ஒரு கோடு

"ஆய்வகத்துல பத்து சதவீதம் கூட வருதே," என்றார் மேனேஜர். "யாரும்மா தப்பு? மெஷினா, நீயா?"

கணக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆபீஸே சேர்ந்து வைத்த பட்டப்பெயர் அது, சும்மா வைக்கவில்லை. ஓர் இரும்புத் துண்டை இரண்டு முனையிலும் பிடித்து, அறுந்துபோகும் வரை இழுத்தால் எவ்வளவு தாங்கும்? ஆய்வகம் அதை மெஷினில் நிஜமாகவே இழுத்துப் பார்க்கும். கணக்கம்மா கம்ப்யூட்டருக்குள் இழுத்துப் பார்ப்பாள். இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால்தான் அவள் கணக்கை நம்பி பஸ் இருக்கையைத் தாங்கும் இரும்பு பிராக்கெட்டைச் செய்யலாம். இதுவரை உட்காராமல் போனதே இல்லை.

அந்தப் பெருமையில் அவளுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு டெஸ்டுக்கும் முந்தின நாளே தன் கோட்டை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவாள். "அண்ணே, உங்க மெஷின் நாளைக்கு என்ன சொல்லும்னு இன்னைக்கே அனுப்பிட்டேன். எதுக்கு வீணா கரண்ட்டைச் செலவழிக்கிறீங்க?" என்பாள். ஆய்வகக்காரரும் சிரித்துக்கொள்வார்.

இந்தத் தடவைதான் வம்பு. அவள் கோடு வளையும் இடத்தில் ஆய்வகக் கோடும் வளைந்தது, சரியும் இடத்தில் சரிந்தது. ஆனால் நெடுக ஒரு விரற்கடை மேலேயே போனது.

"நாளைக்குக் கஸ்டமர் வர்றார்," என்றார் மேனேஜர். "ஒத்துப்போகலேன்னா மொத்த வேலையும் வெளி கம்பெனிக்குப் போயிடும். உன் கணக்கைச் சொல்லித்தானே நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருக்கேன்!"

"என் கணக்கு தப்பாது சார்."

இழுக்கும்போது துண்டு மெலியுமே, கணக்கில் அதற்கான திருத்தத்தை விட்டுவிட்டோமோ என்று அதைச் சேர்த்தாள். கோடு படத்தைத் தாண்டி மேலே பறந்தது. முதலிலேயே சேர்த்திருந்த திருத்தத்தை இரண்டாம் முறையும் சேர்த்திருக்கிறாள்.

சரி, கம்ப்யூட்டரில் துண்டை இன்னும் பொடியான கட்டங்களாகப் பிரித்துப் பார்ப்போம் என்று பிரித்தாள். ஆபீஸ் சர்வர் மூச்சுத் திணறியது. சம்பளப் பிரிவிலிருந்து ஒருவர் ஓடிவந்தார்.

"மேடம், எல்லாருக்கும் சம்பளம் நின்னுபோச்சு!"

"கொஞ்சம் பொறுங்க, துண்டு அறுந்துக்கிட்டிருக்கு."

அறுந்தது. நடுவில் அறுபட வேண்டியது, பிடித்திருந்த முனையில் அறுந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

கடைசியில் ஆய்வகத்துக்கே போன் போட்டாள். "அண்ணே, இன்னொரு துண்டு இழுத்துப் பார்க்கலாமா?"

"எதுக்கு மேடம்? எத்தனை தடவை போட்டாலும் அதேதான் வரும்," என்றார் அவர், வெகு உறுதியாக.

சாயங்காலம் வீட்டில் கணவன் சொன்னான்: "யானைக்கும் அடி சறுக்கும். ஒரு தடவை நீதான் தப்புன்னு ஒத்துக்கோயேன்."

"கல்யாணமான நாள்லேர்ந்து என்னைக்காவது ஒத்துக்கிட்டிருக்கேனா?"

"அதுவும் சரிதான்," என்று அவன் சாப்பாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

ஆனால் காலையில் வேறு வழி தெரியவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றால் வேலை போய்விடும். தன்னை நம்பிய மேனேஜர் தலைகுனிவார். பல்லைக் கடித்துக்கொண்டு, கணக்கில் அந்த இரும்பின் வலிமை எண்ணைக் கையாலேயே பத்து சதவீதம் கூட்டிவைத்தாள். இரண்டு கோடும் அச்சாகப் பொருந்தின. வாழ்க்கையில் முதல்முறையாக, பொருந்திய கோட்டைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது.

மேனேஜருக்கோ கால் தரையில் நிற்கவில்லை. "இரும்பு இவ்வளவு தாங்குமா! அப்ப பிராக்கெட்டை இன்னும் மெலிசாக்கிடலாமே!" என்று டிசைனையே மாற்றச் சொல்லிவிட்டார்.

கஸ்டமர் வந்தார். மீட்டிங் அறைச் சுவரில் இரண்டு கோடுகளும் ஒரே கோடாக ஒளிர்ந்தன. "முடி நுழைய இடம் இருக்கா பாருங்க!" என்றார் மேனேஜர், பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதுபோல. கஸ்டமர் தலையை ஆட்டி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

கணக்கம்மா எழுந்தாள். ஒத்துக்கொள்வதென்று ஆகிவிட்டது, அதையும் கம்பீரமாகவே செய்வோம் என்று, ஓரத்தில் நின்ற ஆய்வகக்காரரைக் கைகாட்டினாள்.

"இந்தப் பெருமை எனக்கில்ல சார். முதல்ல என் கணக்குதான் தப்பா வந்துச்சு. அண்ணனோட மெஷின்தான் சரியாச் சொல்லிச்சு."

அறையே கைதட்டியது. ஆய்வகக்காரர் மட்டும் பதறிப்போய் அவள் காதருகே குனிந்தார்.

"என்ன மேடம், நீங்களே இப்படிச் சொல்லலாமா? மெஷின்ல துண்டைப் பிடிக்கிற தாடை உடைஞ்சு ஒரு வாரமாச்சு. உங்க கணக்கு என்னைக்குத் தப்பியிருக்குங்கிற நம்பிக்கையில, நீங்க முந்தின நாள் அனுப்பின கோட்டையேதான் போட்டேன். அச்சா அப்படியே இருந்தா சந்தேகம் வரும்னு, பத்து சதவீதம் மட்டும் மேல ஏத்தி வெச்சேன்!"