வட்டத் தட்டில் மூன்று ஊர்

"தட்டைத் திருப்பினியா?"

மாப்பிள்ளையின் குரல் கீச்சிட்டது.

"திருப்பலை அத்தான். தூக்கினேன், மேசையைத் துடைச்சேன், வச்சேன்" என்றாள் மச்சினி.

"எப்படி இருந்துச்சோ அப்படியேவா?"

"வட்டத் தட்டு அத்தான். அதுக்கு ஏது முன்னும் பின்னும்?"

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. தட்டில் மூன்று கண்ணாடிக் குடுவைகள். மூன்றிலும் சிவப்பு ஒயின். மூன்றுமே ஷிராஸ் என்கிற ஒரே வகைக் கறுப்புத் திராட்சை. ஆனால் ஒன்று குளிர்ந்த மலையில் விளைந்தது, இன்னொன்று வெயில் காயும் சமவெளியில், மற்றது கடலோரத்தில். இடம், நடு, வலம் என்று மனப்பாடம் செய்து, ஊற்றி, காற்றாட வைத்துவிட்டு மாமனாரின் ஒயின் கடையைத் திறக்கப் போயிருந்தான்.

இன்னும் சற்று நேரத்தில் மாமனார், ஊரெங்கும் ஓட்டல் வைத்திருக்கும் ஒரு அம்மாவை அழைத்து வந்துவிடுவார். ஒரே பழம் மண்ணுக்கு மண் எப்படிக் குணம் மாறுகிறது என்று ருசி பார்த்துத்தான் வாங்குவாராம் அவர். வாங்கினால் புதிய கிளை மாப்பிள்ளைக்கு. இல்லையென்றால் பழையபடி கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை.

வேறு பாட்டில்களைத் திறந்திருக்கலாம்தான். ஆனால், 'எந்த ஊர் மண்ணும் என் மூக்குக்குத் தப்பாது' என்று சம்பந்தம் பேசும்போதே அளந்துவிட்டவன் அவன். மச்சினி முன்னால் மானம் என்னாவது?

"மூக்கு எதுக்கு இருக்கு? மோந்தே சொல்றேன் பாரு."

மோந்தான். ஒயின் வாசனை வந்தது. அடுத்ததிலும் ஒயின் வாசனைதான். மூன்றாவது மட்டும் மோசம் செய்யுமா?

"என்ன அத்தான், மலை எது?"

"ஒளிஞ்சிக்கிட்டிருக்கு. இரு, குடிச்சாத்தான் வெளியே வரும்."

குடித்தான். "மலையில பழம் நிதானமாப் பழுக்கும். புளிப்பு தூக்கலா இருக்கும், மிளகு வாசம் அடிக்கும்" என்று படித்ததை முணுமுணுத்தபடி மறுபடியும் குடித்தான். ஒவ்வொரு வாய்க்கும் மலை இடம் மாறியது. நடுக் குடுவை பாதியாகிவிட்டது. அரைக் குடுவையை விருந்தாளி முன் வைக்க முடியுமா? மற்ற இரண்டிலிருந்தும் அதில் ஊற்றினான். அது வழிந்தது. அதிலிருந்து எடுத்து இவற்றில் ஊற்றினான். ஒருவழியாக அளவு சமமானபோது, மலை, சமவெளி, கடல் மூன்றும் கூட்டுக் குடும்பமாகியிருந்தன. சட்டையெல்லாம் சிவப்பு.

"கொலை பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கீங்க. போய்ச் சட்டையை மாத்துங்க!" என்று மச்சினி அவனை மாடிக்குத் துரத்தினாள்.

மாற்றிக்கொண்டு இறங்கியபோது ஓட்டல்காரம்மா நாற்காலியில் அமர்ந்திருந்தார். மாமனார் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். குடுவைகள் மேசையில் வரிசையாக நின்றன.

வந்தது வரட்டும் என்று மாப்பிள்ளை தொண்டையைச் செருமினான். "இது மலைங்கம்மா. நடுவுல இருக்கிறது சமவெளி. அது கடலோரம்."

அந்த அம்மா ஒரு வாய் பருகிக் கண்ணை மூடினார். "அடடா... மிளகு! பின்னாலயே ஒரு புளிப்பு. குளிர்ல வளர்ந்த பிள்ளை, சுருக்குனு பேசுது."

மாப்பிள்ளை உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினான்.

"இது வெயில் வாட்டி எடுத்த பழம். ஜாம் மாதிரி கனிஞ்சு போய், தொண்டையில சூடா இறங்குது."

மாமனாரும் சேர்ந்துகொண்டார். "கடலோரத்துல லேசா ஒரு உப்பு தெரியுதுங்களா?"

"தெரியாமலா? நாக்கு நுனியிலேயே நிக்குதே!"

மாப்பிள்ளையும் மூன்றிலும் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்தான். எல்லாம் ஒரே ருசி. ஒரே கலவையை இத்தனை பெரிய மனுஷர்கள் மூன்று ஊர் என்று சப்புக்கொட்டுகிறார்களே! சிரிப்பை அடக்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மூன்றிலும் பெட்டி பெட்டியாக அனுப்பச் சொல்லிவிட்டு அந்த அம்மா காரில் ஏறினார். மாமனார் கார் மறையும்வரை கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

"என்ன நாக்கு! என்ன நாக்கு! கிளைச் சாவியை நாளைக்கே தர்றேன் மாப்ளே. ஆனா முதல்ல அவங்ககிட்ட உக்காந்து ருசி பாக்கக் கத்துக்கோங்க."

வாயை மூடிக்கொண்டு தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் உள்ளே போயிருந்த ஒயின் ரோஷத்தைக் கிளப்பிவிட்டது.

"யாரு, நானா கத்துக்கணும்? மூணும் ஒரே கலவை மாமா! நானே கலந்தேன்! மிளகாம், ஜாமாம்... நீங்க வேற, உப்பாம் உப்பு! இந்த வீட்டுல மூணும் ஒண்ணுதான்னு கண்டுபிடிச்ச நாக்கு ஒண்ணே ஒண்ணு, என்னோடது!"

மாமனாரின் முகம் வெளிறியது. எச்சில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த மச்சினி குழாயை மூடினாள்.

"ஐயய்யோ அத்தான், நீங்க சட்டை மாத்தப் போனப்பவே அந்தக் கண்றாவியைக் கொட்டிட்டு, மலை, சமவெளி, கடல்னு மூணு பாட்டில் புதுசாத் திறந்து ஊத்தி வச்சேனே!"