சடாமாஞ்சில் சார்

ஹைதராபாத்தில் அவரைவிடப் பயந்த மனிதர் இருந்ததில்லை. அவருக்குத்தான் பயத்தைக் குறைக்கும் மருந்து தேடுகிற வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

எண்பதுகளில் ஹப்சிகுடா பக்கம் ஓர் அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் நான் டைப்பிஸ்ட். சடாமாஞ்சில் என்ற மூலிகையின் வேரைக் காய்ச்சி, அதிலிருந்து ஒரு பொருளை அவர் பிரித்துக்கொண்டிருந்தார். அதனால் எங்களுக்கெல்லாம் அவர் சடாமாஞ்சில் சார். வீட்டுக்குக் கிளம்பும்போது காஸ் குழாயை மூன்று முறை மூடிப் பார்ப்பார். பஸ் தார்நாகாவைத் தொட்டதும் சந்தேகம் வந்து, இறங்கித் திரும்பி நடப்பார். “ஹவ் சாப், பந்த் ஹை”, மூடித்தான் இருக்கிறது என்று காவலாளி சத்தியம் செய்தாலும் உள்ளே போய்ப் பார்த்தால்தான் நிம்மதி. ஒருமுறை மெட்ராஸ் போக ஸ்டேஷனுக்கு ரொம்ப முன்னதாகப் போய், அப்போது நின்றிருந்த வேறு வண்டியில் ஏறி, காஜிப்பேட்டையில் இறக்கிவிடப்பட்டார்.

மூளையில் நரம்புகளின் ஆட்டத்தை அடக்குகிற ஒரு ரசாயனம் இருக்கிறதாம். அது சீக்கிரம் கரைந்துபோகாமல் இந்த வேர்ப்பொருள் காத்தால், படபடப்பு அடங்கலாம் என்பது அவர் கணிப்பு. மருந்து கொடுத்த எலிகள் சுவரில்லாத உயரமான பலகையில் கூசாமல் நடந்தன. அதைப் பார்த்து அவருக்குத் தலை சுற்றியது. அறிக்கையில் ‘குறைக்கிறது’ என்று அடித்துவிட்டால் முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வைப்பார். “குறைக்கக்கூடும்னு போடுங்கம்மா. எலிக்குத்தானே பார்த்திருக்கோம்” என்பார்.

அவர் மனைவி தெரசாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது அந்தச் சமயத்தில்தான். ஆபரேஷனுக்கு நாள் குறித்ததிலிருந்து தெரசா அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை தூங்கவைத்தது. விழித்தால் பயமும் கூடவே விழித்துக்கொண்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தபோது, அக்கா சாரிடம் நேராகவே கேட்டார்.

“எலிக்கெல்லாம் கொடுக்கறீங்க. எனக்கும் ஒரு துளி தாங்களேன். பயமா இருக்கு.”

“நக்கோ தெரசா, வேண்டாம். அது உன் உடம்பை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது.”

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சார் லீவு போட்டுவிட்டு, பார்வையாளர் நேரம் முழுக்க அக்காவின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அக்கா போய்விட்டார்.

வேலைக்குத் திரும்பி வந்த சார் குழாயை ஒரே தடவை மூடிவிட்டுக் கிளம்பினார். அத்தனை நாள் சிரித்த எங்களால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் என் மேஜையருகே வந்து நின்றார்.

“எனக்கு ஏதாவது ஆகி, அவளை விட்டுட்டுப் போயிடுவேனோன்னுதான்மா அவ்வளவு பயம். இப்போ ஒண்ணுமில்லை.” கிளம்பப்போனவர் திரும்பி, “ஒரு துளி கொடுத்திருக்கலாமோ?” என்று கேட்டார்.

ஆபரேஷனன்று காலையில் அக்கா என்னிடம் சொன்னதை அதுவரை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன்: “உங்க கை அவங்க கையைவிட அதிகமா நடுங்குச்சாம் சார். உங்களுக்குத் தைரியம் சொல்லிச் சொல்லியே அவங்க பயம் மறந்துபோச்சாம்.”

அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அழுதார். அன்று மாலை மௌலா அலியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனேன். இன்னும் கொஞ்சம் சாதம் வேண்டும் என்று தட்டை நீட்டினார். மாதக்கணக்கில் எனக்கு அத்தனை சந்தோஷம் தந்த காரியம் வேறில்லை.